குழந்தை சொன்னதை எழுதுகிறோம். நாம் கேட்டதை ஏன் எழுதுவதில்லை?

கேள்வி: பர்கூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகர், 28 மே 2025

என் அக்காள் மகனுக்கு ஆறு வயது முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. போன மாதம் பக்கத்துத் தோட்டத்துக்காரர்களோடு கிணற்று மோட்டார் தகராறு வந்து அவனுடைய தாத்தாவின் மண்டை உடைந்தது. அந்த நேரத்தில் அருகில் இருந்தவன் அவன் ஒருவன்தான். அன்று மாலை ஏட்டு வந்து கேட்டபோது 'ஒருவர் அடித்தார்' என்றான். நான்கு நாள் கழித்து வேறொருவர் கேட்டபோது 'இரண்டு பேர்' என்றான். போன வாரம் வக்கீல் வீட்டில் 'மண்வெட்டியால் அடித்தார்' என்கிறான். முதலில் மண்வெட்டி என்ற பேச்சே இல்லை. வீட்டில் பெரியவர்கள் பொய் சொல்கிறான் என்று திட்டுகிறார்கள். வக்கீலோ, 'ஒரே மாதிரி சொல்லப் பழக்குங்கள், வாய்தா வருவதற்குள் மனப்பாடம் ஆகிவிட வேண்டும்' என்கிறார். சிறு பிள்ளைகளுக்கு ஞாபகம் நிற்காது என்பது உண்மையா? பழக்குவது சரியா?

28 மே, இரவு

பழக்காதீர்கள். மற்றதையெல்லாம் பொறுமையாகப் பேசலாம். இன்று இரவிலிருந்து அவனிடம் அந்தப் பேச்சை யாரும் எடுக்க வேண்டாம். தாத்தாவும் எடுக்கக் கூடாது. அடிபட்டவருக்கு அதைத் தவிர வேறு பேச்சு வராது என்பது தெரியும், இருந்தாலும் வேண்டாம்.

அவன் பொய் சொல்கிறான் என்று எனக்குத் தோன்றவில்லை. மூன்று பேர் மூன்று முறை கேட்டிருக்கிறார்கள். அவன் சொன்ன மூன்று பதில்களையும் எழுதியிருக்கிறீர்கள். அவனிடம் கேட்ட மூன்று கேள்விகள் எங்கே? 'யார் அடித்தது?' என்றால் ஒருவர் வருவார். 'யார் யார் அடித்தார்கள்?' என்றால் இரண்டு பேர் வருவார்கள். 'எதால் அடித்தார், மண்வெட்டியாலா?' என்றால் மண்வெட்டி வரும். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, அந்த மூன்று முறையும் உடன் இருந்தவர்களிடம் தனித்தனியாகக் கேளுங்கள். எந்தச் சொல்லில் கேட்டார்கள் என்பதை அப்படியே எழுதி, தேதியும் போட்டு வையுங்கள்.

இன்னொன்று. 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பையனைச் சாட்சி விசாரணைக்காகக் காவல் நிலையத்துக்கு வரவேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. அவன் வசிக்கும் இடத்துக்குத்தான் அவர்கள் வர வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்ற விசாரணை முறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 179-ஆவது பிரிவு. பழைய குற்ற விசாரணை முறைச் சட்டத்திலும் 160-ஆவது பிரிவில் இந்தப் பாதுகாப்பு இருந்தது.

29 மே

நேற்று அவசரத்தில் எழுதினேன். எனக்கு ஏன் இவ்வளவு பதற்றம் என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன்.

முப்பத்தோரு ஆண்டுகள் ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்தேன், இப்போது காரிமங்கலத்தில் இருக்கிறேன். 1998-இல் பாலக்கோடு வட்டத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். ஒகேனக்கல் சுற்றுலாவுக்குப் பிள்ளைகளிடம் பிரித்த 340 ரூபாய், மேசை இழுப்பறையில் ஒரு மஞ்சள் உறையில் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை இடைவேளைக்குப் பிறகு பார்த்தால் உறையைக் காணவில்லை.

அந்த வாரம் பள்ளிச் சுவரை ஒட்டிய புளியமரத்தடியில் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவர் ஒருவர் அடுப்பு போட்டிருந்தார். வெளியூர்க்காரர். மண்ணைக் குழித்துக் கரி போட்டு, தோல் துருத்தியைக் காலால் அழுத்திக்கொண்டே இருப்பார். பிள்ளைகளுக்கு அவரிடம் பயமும் ஆசையும். 'ஓடிப் போய் நின்றால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்' என்று வீடுகளில் சொல்லி வைத்திருந்தார்கள்.

தலைமை ஆசிரியர் வகுப்புக்கு வந்து, 'அந்த ஈயம் பூசுகிறவர் உள்ளே வந்தாரா?' என்று கேட்டார். முதலில் அமைதி. பிறகு இரண்டு பேர் ஆமாம் என்றார்கள். 'நல்ல பிள்ளைகள். வேறு யார் பார்த்தீர்கள்? பயப்படாமல் கையைத் தூக்குங்கள்.' மதியச் சாப்பாட்டுக்குள் நான்கு பேர். மணி அடிக்கும் நேரத்தில் ஏழு பேர். ஏழு பேரும் வெறுமனே ஆமாம் என்று சொல்லவில்லை. ஒருத்தி, துணிப்பை வைத்திருந்தார் என்றாள். ஒருவன், ஜன்னல் வழியாக இறங்கினார் என்றான். இன்னொருத்தி, உதட்டில் விரலை வைத்து 'உஷ்' என்று தன்னைப் பார்த்துச் சொன்னதாகச் சொல்லி அழுதாள். அவளுடைய கை நடுங்கியதை நான் பிடித்துப் பார்த்தேன். அது நடிப்பு இல்லை.

அந்த ஜன்னலுக்கு இரும்புக் கம்பி இருந்தது. எனக்கும் அது தோன்றவில்லை, தலைமை ஆசிரியருக்கும் தோன்றவில்லை.

ஊர்க்காரர்கள் அன்று மாலை அவரை விரட்டினார்கள். அடித்தார்கள் என்றும் சொன்னார்கள், நான் பார்க்கவில்லை. துருத்தியை ஏரியில் எறிந்ததைப் பார்த்தேன். தோல் துருத்தி உடனே மூழ்காது. காற்று இருக்கும் வரை மிதந்தது.

செவ்வாய்க்கிழமை இழுப்பறை இறுகிக்கொண்டது. முழுவதுமாக உருவி எடுத்தபோது பின்பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவில் மஞ்சள் உறை கிடந்தது. 340 ரூபாயும் இருந்தது.

30 மே, காலை

இதே கதையைப் பரிசோதனையாக நடத்திப் பார்த்திருக்கிறார்கள் என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. மிஷல் லீக்ட்மன், ஸ்டீபன் சீசி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1995-இல் வெளியிட்ட ஆய்வு. 3 முதல் 6 வயது வரையிலான மழலைப் பள்ளிப் பிள்ளைகளின் வகுப்புக்குச் சாம் ஸ்டோன் என்ற ஒருவர் வந்தார். இரண்டு நிமிடம் இருந்தார், சிரித்தார், போய்விட்டார். எதையும் தொடவில்லை, எதையும் உடைக்கவில்லை. ஒரு பிரிவுப் பிள்ளைகளுக்கு, அவர் வருவதற்கு முன்பே வாரக்கணக்கில், 'சாம் ஸ்டோன் கைபட்டதெல்லாம் உடையும்' என்கிற மாதிரிக் கதைகள் சொல்லப்பட்டிருந்தன. அவர் வந்து போன பிறகு, 'புத்தகத்தைக் கிழித்தாரே, கோபத்திலா, தெரியாமலா?' என்கிற வகையில் பல முறை கேட்டார்கள். பத்து வாரம் கழித்துப் புதிதாக ஒருவர் வந்து என்ன நடந்தது என்று விசாரித்தார். 3, 4 வயதுப் பிள்ளைகளில் 72 சதவீதம் பேர், அவர் புத்தகத்தைக் கிழித்ததையோ பொம்மையை அழுக்காக்கியதையோ பார்த்ததாகச் சொன்னார்கள்.

அந்தப் பிள்ளைகள் பேசிய ஒளிப்பதிவுகளைக் குழந்தைகளை விசாரிக்கும் துறையிலேயே வேலை செய்கிறவர்களுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். எந்தப் பிள்ளை சரியாகச் சொல்கிறது என்று அவர்களில் பெரும்பாலோரால் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துப் பார்த்தேன் என்று நேற்று எழுதினேனே, அதனால் எனக்கு என்ன தெரிந்தது?

30 மே, மாலை

காலையில் எழுதியதில் பிழை. 72 என்பது 'அவர் செய்தார்' என்று சொன்ன சின்னப் பிள்ளைகளின் கணக்கு. 'உன் கண்ணால் பார்த்தாயா?' என்று கேட்டதும் அது 44 ஆகக் குறைந்தது. 'நிஜமாகப் பார்க்கவில்லைதானே?' என்று மெதுவாக மறுத்துப் பேசியும் விடாமல் நின்றவர்கள் 21 சதவீதம். வயதில் சற்றுப் பெரிய பிள்ளைகளிடம் எல்லாமே குறைவு. முன்கதையும் சொல்லாமல், கேள்வியிலும் எதையும் திணிக்காமல் விசாரித்த பிரிவில் தவறு மிக மிகக் குறைவு.

இந்தத் திருத்தம் சின்ன விஷயம் இல்லை. 'செய்தார்' என்பதற்கும் 'செய்ததைப் பார்த்தேன்' என்பதற்கும் நடுவில் ஒரு படி இருக்கிறது. அந்தப் படியில் பிள்ளையை நிறுத்தி, பார்த்தாயா, யாராவது சொன்னார்களா என்று நாங்கள் அன்று கேட்டிருந்தால் ஏழு பேரில் சிலராவது இறங்கி வந்திருப்பார்கள். கேட்கவில்லை.

2 ஜூன்

மாம்பழக் காலம், வீடு நிறையச் சொந்தங்கள். என் தம்பியின் பேத்திக்கு ஐந்து வயது. நேற்று திண்ணையில் உட்கார்ந்து அவளிடம், 'பால் பெரியதா, தண்ணீர் பெரியதா?' என்று கேட்டேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. 'பால்தான் பெரியது. தண்ணீர் சும்மா வரும்' என்றாள். 'கேள்வி புரியவில்லை' என்று அவளுக்குச் சொல்லத் தோன்றவில்லை.

இது என்னுடைய கேள்வி இல்லை. ஹியூஸ், கிரீவ் என்ற இருவர் 1980-இல் 5 வயது, 7 வயதுப் பிள்ளைகளிடம் கேட்ட கேள்வி. அந்தப் பிள்ளைகளும் ஏறக்குறைய எல்லோரும் ஏதோ ஒரு பதில் சொன்னார்கள். பெரியவர் கேட்டால் கேள்வியில் பொருள் இருக்கும், பதில் சொல்ல வேண்டியது தன் வேலை என்றுதான் பிள்ளை நினைக்கிறது. அந்தப் பழக்கத்தை உண்டாக்கியவர்களில் நானும் ஒருத்தி. வகுப்பில் 'தெரியாது' என்று சொன்ன பிள்ளையை எத்தனை முறை நிற்க வைத்திருக்கிறேன்!

பர்கூர்க்காரரின் கேள்விக்கு வருகிறேன், ஏன் பதில் மாறுகிறது. ஆம், இல்லை என்று சொல்ல வேண்டிய கேள்வியை இரண்டாம் முறை கேட்டால், 'முதலில் சொன்னது தப்பு போலிருக்கிறது' என்று பிள்ளை எடுத்துக்கொள்கிறது. பள்ளிக்கூடத்தில் அப்படித்தானே நடக்கிறது? சரியாகச் சொன்னால் டீச்சர் அடுத்த பிள்ளையிடம் போய்விடுவார். தப்பாகச் சொன்னால்தான் திரும்பக் கேட்பார். 1991-இல் பூல், வைட் என்ற இருவர் செய்த ஆய்விலும் இதுதான் தெரிந்தது. 'என்ன நடந்தது?' என்ற திறந்த கேள்வியைத் திரும்பக் கேட்டதால் கெடுதல் இல்லை. ஆமாம்-இல்லை கேள்வியைத் திரும்பக் கேட்டபோது நான்கு வயதுப் பிள்ளைகள் பதிலை மாற்றினார்கள்.

பிறகு அவளிடம் வேறு மாதிரி கேட்டுப் பார்த்தேன். ஏப்ரலில் ஒகேனக்கல் போய் வந்தார்கள். 'நான் உங்களோடு வரவில்லை, எனக்கு ஒன்றும் தெரியாது. முதலில் இருந்து கடைசி வரை நீதான் சொல்ல வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம்.' அவள் சொன்னது நான்கே வாக்கியம்: 'பஸ்ஸில் வாந்தி எடுத்தேன். அப்பா மீன் வாங்கினார். பரிசல் சுற்றியது. அம்மா கத்தினாள்.' சின்னப் பிள்ளைகள் தாமாகச் சொல்வது இவ்வளவுதான் இருக்கும். குறைவாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் சரியாக இருக்கும். நாம் அந்தக் குறைவைப் பொறுக்க மாட்டாமல்தான் கேள்வியைப் போட ஆரம்பிக்கிறோம்.

நான் அவள் சொன்ன சொல்லையே எடுத்து, 'பரிசல் சுற்றியது என்றாயே, அதைப் பற்றி இன்னும் சொல்' என்றேன். வந்தது பாருங்கள்! பரிசல்காரர் வேண்டுமென்றே வட்டமாகச் சுற்றினார், அம்மா அப்பாவின் சட்டையைப் பிடித்தாள், பித்தான் தெறித்துத் தண்ணீரில் போனது. 'பித்தானா? அட, ஆமாம்!' என்று அவளுடைய அம்மா உள்ளேயிருந்து வந்தாள். அவளே மறந்திருந்தாள்.

அதோடு நான் எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை. 'குரங்கு வந்ததா?' என்று கேட்டுவிட்டேன். 'வந்தது' என்றாள். 'என்ன எடுத்தது?' 'சிப்ஸ் பாக்கெட்.' அம்மாவும் அப்பாவும் அன்று குரங்கு பக்கத்திலேயே வரவில்லை என்கிறார்கள்.

5 ஜூன்

'இப்படியெல்லாம் எழுதினால் குழந்தைகளைச் சீரழிக்கிறவர்கள் தப்பித்துக்கொள்வார்கள், குழந்தை பொய் சொல்லும் என்று கோர்ட்டில் இதையே காட்டுவார்கள்' என்று தருமபுரியிலிருந்து ஒரு சகோதரி கோபமாக எழுதியிருக்கிறார். கோபம் நியாயமானது. தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இந்த இரண்டு மாவட்டங்களில் வேலை பார்த்த எந்த ஆசிரியைக்கும் அந்தக் கோபம் இருக்கும். எட்டாம் வகுப்பு முடித்த பெண் ஜூன் மாதம் வராமல், ஆடி கழிந்து தாலியோடு தெருவில் எதிர்ப்படுவதைப் பார்த்தவள் நான்.

ஆனால் நான் சொல்வது குழந்தை பொய் சொல்லும் என்று இல்லை. 1991-இல் சேவிட்ஸ், குட்மன் முதலியோர் செய்த ஆய்வைப் பாருங்கள். 5 வயது, 7 வயதில் 72 சிறுமிகள். எல்லோருக்கும் மருத்துவப் பரிசோதனை. பாதிப் பேருக்கு, அதாவது 36 பேருக்கு, பரிசோதனையின் ஒரு பகுதியாக மருத்துவர் அந்தரங்க உறுப்புப் பகுதியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்ன நடந்தது என்று பொதுவாகக் கேட்டபோது அந்த 36 பேரில் 28 பேர் அதைச் சொல்லவே இல்லை. நேராகக் கேட்ட பிறகுதான் பெரும்பாலோர் சொன்னார்கள். தொடப்படாத மற்றப் பாதிப் பேரிடம் நேராகக் கேட்டபோதும், நடக்காததை நடந்தது என்றவர்கள் மிகச் சிலரே.

ஆகவே திறந்த கேள்வி மட்டும் போதும் என்று சொல்ல மாட்டேன். திறந்த கேள்வியில் தொடங்கி, பிள்ளை சொன்ன சொல்லைப் பிடித்து நடந்து, கடைசியில், வேறு வழியில்லாத இடத்தில் மட்டும் நேர்க்கேள்வி. மைக்கேல் லேம்பும் கூட்டாளிகளும் அமெரிக்கத் தேசியக் குழந்தை நல ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்தபோது உருவாக்கிய விசாரணை முறையின் வரிசையும் இதுதான். முதலில் பழகுகிறார்கள். தெரியாது என்று சொல்லலாம், நான் தப்பாகச் சொன்னால் திருத்தலாம் என்று சொல்லிவைக்கிறார்கள். வழக்குக்குத் தொடர்பில்லாத ஒரு நாளைப் பற்றிப் பேசவைத்துப் பழக்குகிறார்கள். அதன் பிறகுதான் விஷயத்துக்கு வருகிறார்கள். இதில் பயிற்சி பெற்றவர்களும், தொடர்ந்து யாராவது அவர்கள் விசாரணையைக் கேட்டுத் திருத்திக்கொண்டே இல்லாவிட்டால் பழைய வழிக்குத் திரும்பிவிடுகிறார்கள் என்பதையும் அவர்களே கண்டார்கள். இரண்டு நாள் பயிலரங்கு நடத்திச் சான்றிதழ் கொடுத்தால் முடிந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கெட்ட விசாரணை குற்றவாளியைத்தான் காப்பாற்றும். கலிபோர்னியாவில், பிள்ளைகளிடம் பாலியல் அத்துமீறல் நடந்தது என்ற மக்மார்ட்டின் மழலைப் பள்ளி வழக்கு 1983-இல் தொடங்கியது. நூற்றுக்கணக்கான பிள்ளைகளை விசாரித்தார்கள். 'மற்றப் பிள்ளைகள் எல்லாம் சொல்லிவிட்டார்கள், நீயும் சொல்', 'நீ புத்திசாலி', 'சும்மா யோசித்துப் பார், என்ன நடந்திருக்கும்?' என்ற வழியில் விசாரணை போனது. 1990-இல் வழக்கு முடிந்தபோது ஒருவருக்கும் தண்டனை இல்லை. அந்தப் பிள்ளைகளில் யாருக்காவது உண்மையில் ஏதாவது நடந்திருந்தால்கூட, அதை இனி யாராலும் பிரித்தெடுக்க முடியாது. 1998-இல் கார்வன் குழுவினர் அதே உத்திகளை வைத்து, வகுப்புக்குக் கதை சொல்ல வந்துபோன ஒருவரைப் பற்றி 3 முதல் 6 வயதுப் பிள்ளைகளிடம் கேட்டார்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாத பேச்சு. திணிப்புக் கேள்விகள் மட்டும் கேட்ட பிரிவில் 17 சதவீதம் தவறு. பாராட்டும், மற்றவர்கள் சொன்னார்கள் என்பதும் சேர்ந்த பிரிவில் 58.

'நல்ல பிள்ளைகள். வேறு யார் பார்த்தீர்கள்?' அதே 1998.

6 ஜூன்

குழந்தையிடம் பக்குவமாகக் கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று அந்தச் சகோதரி கேட்கிறார். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தில் இருக்கிறது. அந்தச் சட்டம் 2012 நவம்பர் 14 முதல் நடப்பில் இருக்கிறது. 24-ஆவது பிரிவு: குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ வாக்குமூலம், கூடுமானவரை எஸ்.ஐ. நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை கூடாது. 33-ஆவது பிரிவு: வக்கீல்கள் கேள்வியை நீதிபதியிடம் கொடுக்க வேண்டும், அவர்தான் குழந்தையிடம் கேட்பார். பர்கூர்ப் பையனின் வழக்கு அடிதடி வழக்கு, அதற்கு இந்தச் சட்டம் வராது. ஆனாலும் இதே வசதிகளைக் கேட்டுப் பாருங்கள், மறுக்க ஒரு காரணமும் இல்லை.

11 ஜூன்

ஓய்வுக்குப் பிறகு நான்கு முறை பிள்ளைகளுக்குத் துணையாக நீதிமன்றம் போயிருக்கிறேன். அப்போது மனதில் பட்டு, இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்று: நம் மொழி.

தமிழில் ஓர் 'ஆ' போதும். 'மாமா வந்தார்' என்பதில் அதைச் சேர்த்தால் 'மாமா வந்தாரா?' பிள்ளைக்குத் தேவையான முழு வாக்கியமும் கேள்விக்குள்ளேயே இருக்கிறது, அது தலையை ஆட்டினால் போதும். 'தானே' அதைவிட மோசம். 'நீ அங்கேதானே இருந்தாய்?' என்பது கேள்வியே இல்லை, கட்டளை.

நல்லதும் இருக்கிறது. நம்மிடம் 'ஆம்' இருக்கிறது. 'வந்தாராம்', 'அடித்தாராம்'. பார்த்ததையும் கேள்விப்பட்டதையும் நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளே இந்த ஒட்டைக் கொண்டு பிரித்துப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். ஒரு முறை ஒரு சிறுமி, 'கதவைச் சாத்தினாராம்' என்றாள். எழுதியவர் 'கதவைச் சாத்தினார்' என்று எழுதினார். எதிரே உட்கார்ந்திருந்த எனக்கு அந்த 'ஆம்' காதில் விழுந்தது, தாளில் இல்லை. யார் சொல்லிக் கேட்டாள் என்று அப்போதே கேட்டிருந்தால் ஒரு வழி திறந்திருக்கும். ஏழு மாதம் கழித்துக் குறுக்கு விசாரணையில் 'நீ பார்த்தாயா?' என்று கேட்டார்கள். 'இல்லை' என்றாள். முன்னுக்குப் பின் முரண் என்று பதிவானது. அவள் முரணாக எதுவும் சொல்லவில்லை.

ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் இன்னும் சிக்கல். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற பிள்ளையிடம் தமிழில் கேட்கிறோம். தெலுங்கில் 'மொன்ன' என்றால் முந்தாநாள். அன்றொரு நாள் என்றும் அதே சொல்தான். பிள்ளை 'மொன்ன' என்று சொல்லி, எழுதுகிறவர் 'முந்தாநாள்' என்று எழுதினால், தேதி இடிக்கும். தமிழ்ப் பிள்ளைகளும் சின்ன வயதில் போன மாதத்தைக்கூட 'நேற்று' என்பார்கள், அது வேறு. மொழிபெயர்ப்பாளரை வைக்கச் சொல்லிப் போக்சோ சட்டம் சொல்கிறது. பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு 'என்ன சொல்கிறது, கேளுங்கள்' என்றால் அவர் மொழிபெயர்ப்பாளர் ஆகிவிடுவாரா?

வாக்குமூலம் எழுதும் முறையிலேயே குறை இருக்கிறது. 'நான் மேற்படி முகவரியில் வசித்து வருகிறேன். சம்பவத்தன்று...' என்று ஆறு வயதுப் பிள்ளை பேசியதுபோலத் தொடர்ச்சியாக எழுதுகிறார்கள். கேட்ட கேள்விகள் எல்லாம் பதிலுக்குள் கரைந்துவிடுகின்றன. அமர்வு நீதிமன்றத்திலும் சாட்சியத்தைப் பொதுவாக அப்படித் தொடர்ச்சியாக எழுதுவதுதான் வழக்கம்; தேவை என்று கருதினால் நீதிபதி கேள்வி-பதிலாக எழுதலாம். குழந்தை சாட்சி என்றால் எப்போதும் தேவைதான் என்பது என் கருத்து. இப்போது காவல்துறை ஒலி, ஒளிப்பதிவு செய்யச் சட்டத்தில் தெளிவாக இடம் இருக்கிறது. கைப்பேசி இல்லாத காவலர் யார்?

15 ஜூன்

பர்கூரிலிருந்து செய்தி. மூன்று கேள்விகளையும் தேடி எழுதிவிட்டார்கள். வக்கீல் வீட்டில் கேட்டது, அவருடைய குமாஸ்தாவே ஒப்புக்கொண்டபடி, 'மண்வெட்டியாலா, கட்டையாலா?' பையனுக்குக் கொடுத்தது இரண்டே வாசல். ஏட்டின் கேள்வி யாருக்கும் நினைவில்லை. வீட்டில் இப்போது பேச்சு நின்றிருக்கிறது, தாத்தா மட்டும் முடியாமல் தவிக்கிறாராம்.

வக்கீல் இன்னும் மனப்பாடம் என்றுதான் நிற்கிறார் என்கிறீர்கள். அவரிடம் சொல்லுங்கள்: நம் சட்டத்தில் சாட்சிக்குக் குறைந்தபட்ச வயது கிடையாது. கேள்வி புரிந்து, புரியும்படி பதில் சொன்னால் போதும். 12 வயதுக்குக் கீழ் உண்மை சொல்ல வேண்டும் என்று புரிந்திருந்தால் சத்தியப் பிரமாணம்கூட வேண்டாம். 1951 டிசம்பரில் ராமேஷ்வர் வழக்கிலேயே எட்டு வயதுச் சிறுமியின் சாட்சியத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2025 பிப்ரவரியில் மத்தியப் பிரதேச வழக்கு ஒன்றில், தாயின் கொலையைப் பற்றி ஏழு வயது மகள் சொன்ன சாட்சியத்தை நம்பி, உயர் நீதிமன்றத்தின் விடுதலைத் தீர்ப்பையே மாற்றியது. குழந்தை சாட்சிக்கு எதிராக நீதிமன்றம் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: சொல்லிக் கொடுத்த தடம். இந்த வக்கீல் அந்தத் தடத்தைத் தன் கையாலேயே பதிக்கப் பார்க்கிறார்.

22 ஜூன்

மே 29 அன்று எழுதியதைத் திருத்த வேண்டும்.

அந்தப் பள்ளியில் என்னோடு வேலை பார்த்த டீச்சர் தருமபுரியில் இருக்கிறார். இதைப் படித்துவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டார். 'தலைமை ஆசிரியர் அன்று காலை எங்கே இருந்தார்? பாலக்கோட்டில் கூட்டம், மூன்று மணிக்குத்தானே பஸ்ஸில் வந்து இறங்கினார். பிள்ளைகளிடம் முதலில் கேட்டது நீங்கள், அக்கா.'

இல்லை என்றேன். தலைமை ஆசிரியர் குரல் நன்றாக நினைவிருக்கிறது, வாசற்படியில் நின்று கேட்டார் என்றேன். போனை வைத்துவிட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்து பழைய நோட்டுகளைத் தேடினேன். இருந்தது. என் கையெழுத்து. ஏழு பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு டிக், பக்கத்தில் 'பை', 'ஜன்னல்', 'உஷ்' என்று குறிப்பு. மேலே, 'காலை 11.40 முதல்'.

அந்த டீச்சர் சொன்னதுதான் சரி. இருபத்தேழு ஆண்டுகளாக அந்தக் கேள்வியைத் தலைமை ஆசிரியர் வாயில் வைத்து நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் இப்போது இல்லை, மன்னிப்புக் கேட்கவும் வழியில்லை. தாளில் நான் என்ன கேட்டேன் என்பது மட்டும் எங்கும் இல்லை. ஏழு பதில்கள் இருக்கின்றன.

24 ஜூன்

தம்பி பேத்தி நேற்று அவளுடைய அம்மாயியிடம் ஒகேனக்கல் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். குரங்கில்தான் ஆரம்பித்தாள். பித்தான் வரவே இல்லை.

6 ஜூலை

அந்த ஏழு பேரில் ஒருவனைப் பார்த்தேன். பெயர் எழுத மாட்டேன். ஓசூரில் வேலை, இரண்டு பிள்ளைகள். காரிமங்கலம் சந்தையில் அவனே வந்து, 'டீச்சர், என்னைத் தெரிகிறதா?' என்று காலைத் தொட்டான். தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். நானாக எதையும் சொல்லக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு, 'இரண்டாம் வகுப்பில் ஒகேனக்கல் சுற்றுலாப் பணம் காணாமல் போனதே, அதில் உனக்கு நினைவிருப்பதையெல்லாம் சொல்' என்றேன். இதுகூட முழுவதும் திறந்த கேள்வி இல்லை, பணம் என்று நானே சொல்லிவிட்டேன்.

சொன்னான். ஈயம் பூசுகிறவர், புளியமரம், துணிப்பை. ஜன்னல்.

கடைசியில் மஞ்சள் உறை கிடைத்ததைச் சொன்னேன். 'தெரியும் டீச்சர், அப்போதே தெரியும். சுற்றுலா போனோமே' என்றான். ஜன்னலில் கம்பி இருந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. தேநீர் ஆடை கட்டிவிட்டது.

'அவர் எடுக்கவில்லை, சரி. உள்ளேயே வரவில்லை, அதுவும் சரி, நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் எனக்குத் தெரிகிறதே டீச்சர். முதலில் கால்தான் இறங்கியது. வலது காலில் செருப்பு இல்லை. துருத்தி மிதித்து மிதித்து உள்ளங்கால் கறுப்பாக இருந்தது.'